பங்காளி எறும்புகள்

அறிவியல் காட்சிக்கூடத்தின் பூச்சிப் பிரிவைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்த்தவள் பூச்சியக்கா. ஆனால் அங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லை. காகிதப்படி அவள், ஆள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியின் ஒப்பந்தப் பணியாளர். வாசலில் நிற்கும் காவலாளியையும் கழிவறை கழுவும் இரண்டு பெண்களையும் அனுப்பிய அதே பட்டியலில் அவளையும் அனுப்பியிருந்தார்கள். அந்த மூவரும் வைத்த பெயர்தான் பூச்சியக்கா. இயக்குநர் அவளை 'பாருங்கம்மா' என்று கூப்பிடுவார். பதினோரு வருடம் பெயர் தெரியாமல் கூப்பிட்டுவிட்டு இனிமேல் கேட்டால் நன்றாக இருக்காது அல்லவா?

எறும்புகள் வந்தது பதினோராவது வருட ஆரம்பத்தில். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றார். ஆய்வுக்கூடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மகள் கல்யாணத்தில் வராத கண்ணீர் அவருக்கு அன்று வந்ததாம். இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து பூச்சியக்காவின் மேஜையில் வைத்து, அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் பெட்டியில் சிவப்பும் கருப்பும் ஒன்றாக இருந்தன. சிவப்பு பெரிது, பளபளப்பு, வாயில் அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள். எதிரியின் தலையைத் துளைக்கவும் களவுப் பொருளைக் கவ்வி வரவும் அந்தத் தாடை தோதானது. மண் தோண்ட, இரையை மெல்ல, புழுவுக்கு ஊட்ட உதவாது. ஆகவே அந்த வேலைகளையெல்லாம் சிவப்பு எறும்புகள் கௌரவமாக விட்டுவிட்டன. வருடத்தில் சில மதியங்கள் படை திரட்டிக்கொண்டு பக்கத்துக் கருப்புப் புற்றுக்குள் புகுந்து, கூட்டுப்புழுக்களைத் தூக்கி வந்துவிடும். கூட்டைக் கிழித்து வெளியே வரும் கருப்பு எறும்பு முதன்முதலில் முகர்வது சிவப்பு வீட்டு வாசனையை. அதற்குப் பிறந்த வீடும் அதுதான், புகுந்த வீடும் அதுதான். அன்றைக்கே பெருக்க, துடைக்க, தோண்ட, ஊட்ட ஆரம்பித்துவிடும். யாரும் மிரட்டுவதில்லை, அடிப்பதில்லை. அது தன் குடும்பத்துக்குத்தான் உழைக்கிறது, குடும்பம்தான் வேறு.

இரண்டாவது பெட்டியில் கருப்பு மட்டும், தன் சொந்த ராணியோடு. கண்ணாடிக்குள் அடைத்த சிவப்புக்குப் படையெடுக்க வழி இல்லை. அதனால் மாதத்துக்கு ஒருமுறை பூச்சியக்காவே மெல்லிய தூரிகையால் இந்தப் பெட்டியிலிருந்து நாற்பது கூட்டுப்புழுக்களை எடுத்து அந்தப் பெட்டியில் போட வேண்டும். அதையும் அவள் ஒழுங்காகச் செய்துவந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கேள்வி கேட்கிற ரகம் இல்லை.

பிறகு புதிய பூச்சிக்கூடம் கட்டி முடிந்தது. கட்டப் பணம் கொடுத்தவர் அந்த ஆள் சப்ளை கம்பெனியின் சேர்மன். எட்டாயிரம் பேரை ஊரெல்லாம் அனுப்பி, அவர்கள் உழைப்பில் மிஞ்சியதில் ஒரு துளியை விஞ்ஞானத்துக்குத் தந்திருந்தார். திறந்து வைப்பவரும் அவரே. நடுநாயகமாக ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் எறும்புப் பெட்டியை வைப்பது என்று முடிவாகி, விளக்கப்பலகைக்கு நாலு வரி எழுதித் தரும்படி பூச்சியக்காவிடம் கேட்டார்கள். அவள் வெள்ளை மனதோடு 'அடிமைகொள்ளும் எறும்புகள்' என்று தலைப்புப் போட்டு எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஒரு சொல்லுக்காக ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூட்டம் நடந்தது. இயக்குநர் காகிதத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, வந்து திறந்து வைக்கப்போவது யார், அவருடைய தொழில் என்ன என்பதைச் சொல்லாமல் சொன்னார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். 'வேலையாள்' என்று போடலாமா என்றால், அப்போது முதலாளி யார் என்ற கேள்வி வரும். 'விருந்தாளி' என்றால், பாத்திரம் கழுவுகிற விருந்தாளியை எவன் பார்த்திருக்கிறான்? 'தன்னார்வலர்' என்பதை இயக்குநர் ரொம்ப ரசித்தார். ஆனால் கூட்டுப்புழுவாக இருக்கும்போதே தன்னார்வம் வருமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் வடிவமைப்பாளர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மெலிந்த இளைஞர், 'பங்காளி' என்றார். கூட்டாளி என்ற அர்த்தத்தில் சொன்னார் பாவம். பங்காளி என்றால் வரப்புக்கு வழக்குப் போடுகிறவன் என்றுதான் தான் இதுவரை கேள்விப்பட்டிருப்பதாகப் பூச்சியக்கா சொன்னாள். அது குறித்துக்கொள்ளப்படவில்லை.

கீழே ஒரு பழமொழி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று அவர் கையாலேயே எழுதினார். அந்தக் கருப்பு எறும்புகள் ஊட்டுவதெல்லாம் ஊரார் பிள்ளைக்குத்தான், தன் பிள்ளை என்று ஒன்று அந்த வீட்டில் வளரவே போவதில்லை என்ற சின்ன விவரத்தைப் பூச்சியக்கா எடுத்துச் சொன்னாள். அது எதிர்மறையான தகவல் என்று தள்ளுபடியானது.

அதோடு விட்டார்களா? திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது வடிவமைப்பாளர் பெட்டியைப் படம் எடுக்க வந்தார். சிவப்பு கண்ணைப் பறிக்கிறது, இந்தக் கருப்பு நடுநடுவே அழுக்குப் போலத் தெரிகிறது, எடுத்துவிடலாமே என்றார். இயக்குநருக்கும் அது நியாயமாகப் பட்டது. அழகான கல்யாணப் படத்தில் சமையல்காரர் நின்றால் நன்றாகவா இருக்கும்?

பூச்சியக்கா மட்டும், "கருப்பை எடுத்தா சிவப்பு சாப்பிடாது சார்," என்றாள்.

"தேனைப் பக்கத்துலயே வைங்க," என்றார் இயக்குநர். "பசிச்சா தானா சாப்பிடும்."

உலகத்தில் யாருக்கும் பசித்தால் தானாகச் சாப்பிடத் தெரியும் என்று நம்பியவர் அவர். அவருக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவிலிருந்து எடுத்துச் சூடு பண்ணித் தட்டில் போட்டுத் தருபவள் கழிவறை கழுவும் பெண்களில் மூத்தவள்.

சொன்னால் செய்ய வேண்டியதுதான். ஒரு முழுநாள் குனிந்து உட்கார்ந்து, இருநூற்றுப் பதின்மூன்று கருப்பு எறும்புகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தனி டப்பாவில் விட்டாள். சிவப்பு எறும்புகள் கண்ணாடிக்குள் ஜொலித்தன. வடிவமைப்பாளர் நூறு படம் எடுத்தார்.

மறுநாள் அவை கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தன. அதற்கு மறுநாள் ஏழு செத்துக் கிடந்தன. தேன்தண்ணீர் ஒரு விரல் தூரத்தில் இருந்தது. சில சிவப்பு எறும்புகள் அதன் கரையில் நின்று, யாராவது வந்து ஊட்டுவார்கள் என்று தலையை ஆட்டி ஆட்டிக் காத்திருந்தன. புழுக்கள் கேட்பாரற்று ஈரத்தில் கிடந்தன. மூன்றாம் நாள் முப்பது. செத்ததை அப்புறப்படுத்தக்கூட ஆள் இல்லை. மற்றவை அதன் மேலேயே ஏறி நடந்தன. தேன் கலப்படம் என்று இயக்குநர் முதலில் கண்டுபிடித்தார். பிறகு குளிர்சாதனம். பிறகு கண்ணாடி. வேறு தேன் வாங்கிவரச் சொல்லி, வெப்பநிலையைக் கூட்டி, குறைத்து, கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் போட்டு, அவர் சிரித்து வைத்த பிறகு, பூச்சியக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாருங்கம்மா, இதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அவள் டப்பாவிலிருந்த கருப்பு எறும்புகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். அவை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஒன்று நேராகத் தேனுக்குப் போய் வயிறு புடைக்கக் குடித்துத் திரும்பிவந்து, முதலில் எதிர்ப்பட்ட சிவப்பின் வாயோடு வாய் வைத்தது. இன்னும் சில புழுக்களைத் தூக்கிக் காய்ந்த இடத்துக்கு மாற்றின. பிணங்கள் ஒரு மூலைக்குப் போயின. ஒரு மணி நேரத்தில் அந்த வீடு வீடாகிவிட்டது. கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர், எப்படிப்பட்ட ஒற்றுமை என்று மெய்சிலிர்த்தார். பூச்சியக்காவுக்கு ஏனோ அந்தக் கருப்பு எறும்புகள் மேல் கோபம் வந்தது. ஒரு நாளாவது கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரக் கூடாதா என்று தோன்றியது.

திறப்பு விழாவுக்கு வந்த சேர்மன், குட்டையாக, மெதுவாகப் பேசுகிறவராக இருந்தார். நாடாவை வெட்டினார். கைதட்டல் முடிவதற்குள் எறும்புப் பெட்டியிடம் போய்விட்டார். பழமொழியைப் படித்தார். பிறகு, அன்று யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இதுல வேலை செய்யறது யாரு?"

எல்லாருமே கைகோத்து என்று இயக்குநர் ஆரம்பித்தார். சேர்மன் அவரைத் தாண்டி, தூரிகையோடு நின்றவளைப் பார்த்தார்.

"கருப்பு சார்," என்றாள் பூச்சியக்கா. "சிவப்புக்குத் தானா சாப்பிடக்கூட வராது. கருப்புதான் ஊட்டணும்."

"கருப்புக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்லை சார். இது தன்னோட வீடுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். சேர்மன் மட்டும் கண்ணாடிக்கு அருகே குனிந்தார்.

"அந்த நினைப்பு வரணும்னுதான் நாங்க வருஷா வருஷம் பயிற்சி முகாம் நடத்தறோம்," என்றார். குரலில் பொறாமைதான் இருந்தது.

ராணி எப்படி முதலில் இந்த வீட்டைப் பிடித்தது என்று கேட்டார். இளம் சிவப்பு ராணி தனியாளாகக் கருப்புப் புற்றுக்குள் நுழையும், அங்கிருக்கும் பழைய ராணியைக் கொன்று அதன் வாசனையைத் தன் மேல் பூசிக்கொள்ளும், அப்புறம் கருப்புகள் இதையே தாய் என்று நம்பிவிடும் என்று அவள் சொன்னாள். கம்பெனியை வாங்கினால் முதல் வேலையாகப் பெயர்ப்பலகையை மாற்றக் கூடாது என்று தான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று அவர் தன்னோடு வந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் வேகமாகத் தலையாட்டினார்கள். எந்தச் சொல்லைக் கேட்டால் மனிதர் நொந்துபோவார் என்று ஒரு காலைப்பொழுதைச் செலவழித்தார்களோ, அந்தச் சொல்லின் பொருள் அவருக்குப் பாடத்திட்டமாகத் தெரிந்தது.

"புதுசா கருப்பு எங்கிருந்து வருது?"

"பின்னாடி ரூம்ல இன்னொரு பெட்டி இருக்கு சார். மாசம் நாப்பது, நான்தான் எடுத்துப் போடறேன்."

"அப்ப நீங்களும் நம்ம தொழில்தான்," என்று சேர்மன் சிரித்தார். இயக்குநர் சிரித்தார், வடிவமைப்பாளர் சிரித்தார், கேட்காதவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் செரிக்கவில்லை. அன்று சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் துலக்கும்போது, பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிற தன் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தாளு சொன்னது தப்பில்லையே," என்றான் அவன், தட்டைத் துடைத்தபடி. "இதுக்கு எதுக்கு வருத்தம்?"

"தப்பில்லைன்னுதான் வருத்தம்."

பத்து நாளில் கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்து முகப்புக் கூடத்தில் வைக்க அந்த எறும்புப் பெட்டி வேண்டும் என்று சேர்மன் ஆசைப்பட்டார். இயக்குநர் அதை அன்பளிப்பாக்கிவிட்டார். இணைப்பில் பொருள் பட்டியல் இருந்தது: கண்ணாடிப் பெட்டி ஒன்று, சிவப்பு எறும்புத் தொகுதி ஒன்று, கருப்பு எறும்புகள் தேவையான அளவு, பராமரிப்பாளர் ஒன்று. பூச்சியக்கா அந்தப் பட்டியலை மூன்று தடவை படித்தாள். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. 'ஒருவர்' என்று போட்டிருக்கலாம் என்று மட்டும் பட்டது. இன்னொரு வேடிக்கை, அவளை ஏற்கெனவே வைத்திருப்பதும் சேர்மன் கம்பெனிதான். ஆக அவரிடமிருந்து அவருக்கே அவளை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள்.

இயக்குநரின் அறைக்குப் போய், தான் போவதாக இல்லை என்றாள். பதினோரு வருடத்தில் அவள் 'இல்லை' என்ற சொல்லை அந்த அறையில் உச்சரித்தது அதுவே முதல் தடவை. இயக்குநருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது.

"நீங்க போகலைன்னா எறும்பெல்லாம் செத்துடுமேம்மா."

"சிவப்பு மட்டும்தான் சார் சாகும். கருப்புக்கு எங்க விட்டாலும் பிழைக்கத் தெரியும்."

கம்பெனியிலிருந்து மிரட்டல் வந்தது. அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, காட்சிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஒரு பட்டதாரியை அனுப்பி வைத்தார்கள். அவர் முதல் நாளே குச்சிப்பூச்சி எது, குச்சி எது என்று தெரியாமல் ஐந்து பூச்சிகளைக் குப்பையில் போட்டார். இரண்டாம் நாள் தேனீக்கள் அவரை அறிமுகம் செய்துகொண்டன. மூன்றாம் நாள் இயக்குநர் தன் கைப்பட மூன்று பக்கக் கடிதம் எழுதி, பராமரிப்பாளர் நீங்கலாக மற்ற பொருள்களை அனுப்புவதாகத் தெரிவித்தார். அவளை வைத்துக்கொண்டதற்கு அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள், எறும்புப் பெட்டி போனதும் காலியாகும் பெரிய நடுப்பெட்டியைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். காலிப் பெட்டி பார்வைக்கு அசிங்கம் என்று அவரும் கொடுத்துவிட்டார்.

சிவப்புப் பெட்டி போகும்போது அவள் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். 'மாதம் நாற்பது கூட்டுப்புழு போடாவிட்டால் இந்த வீடு நாளடைவில் அழியும்' என்பது முதல் வரி. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவள் அந்த மாதம் நாற்பதை எடுக்கவில்லை, அடுத்த மாதமும் எடுக்கவில்லை. பின்னறையிலிருந்த கருப்புக் குடும்பம் பெருகி, பெரிய நடுப்பெட்டிக்குக் குடிவந்தது. பலகையில் அவளே எழுதினாள்: 'கருப்பு எறும்புகள். தம் வேலையைத் தாமே செய்துகொள்கின்றன.' பார்வையாளர்கள் அதைப் படித்து, ஒரு நிமிடம்கூட நிற்காமல் பட்டாம்பூச்சிகளிடம் போனார்கள். தன் வேலையைத் தானே செய்கிறவனை நின்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஐந்தாவது மாதம் போன் வந்தது. சேர்மன் அலுவலக வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண். அவளும் ஒப்பந்தம்தான். பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பு, யாரும் எடுத்துக்கொள்ளாததால், அவள் தலையில் விழுந்திருந்தது.

"அக்கா, தினமும் தேன் வைக்கிறேன். ஆனாலும் குறைஞ்சுக்கிட்டே போகுது. செத்துடுச்சுன்னா என்னை அனுப்பிடுவாங்கக்கா."

பூச்சியக்கா போனை வைத்தாள். பிறகு சோதனைக்குழாய் ஒன்றில் நாற்பது கூட்டுப்புழுக்களை எண்ணிப் போட்டு, பஞ்சால் அடைத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டே போனாள். இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் பார்த்தாள்.

முகப்புக் கூடம் பளிங்குத் தரையும் தோல் சோபாவுமாக இருந்தது. பெட்டிக்கு மேலே தனி விளக்கு. உள்ளே பத்தொன்பது சிவப்பும் மூன்று கருப்பும் மிச்சம். ராணி எப்போதோ போய்விட்டிருந்தது. கருப்பில் ஒன்றுக்குப் பின்கால் ஒன்று இல்லை. அது தேனுக்கும் வீட்டுக்குமாக நொண்டி நொண்டி நடந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிவப்பின் வாயில் கொஞ்சம் ஊற்றிவிட்டுத் திரும்பியது. மற்ற சிவப்புகள் அதைச் சுற்றி நின்று அதன் தலையில் தட்டித் தட்டிக் கேட்டன.

பூச்சியக்கா கைப்பைக்குள் கையை விட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். வரவேற்புப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கருவளையம். நாற்பது போட்டால் இவளுக்கு ஒரு மாதம் நிம்மதி. அப்புறம் இன்னொரு நாற்பது. பூச்சியக்கா கையை வெளியே எடுத்தாள். வெறுங்கைதான் வந்தது.

"உங்க சேர்மன் இதைப் பார்க்க வருவாரா?"

"இங்க வெச்ச அன்னிக்குப் பார்த்தாருக்கா. அப்புறம் இப்படியே லிஃப்டுக்குப் போயிடுவாரு."

"சரி, நான் சொல்றதைக் கேளு. இதுங்க இன்னும் ஒரு வாரம், பத்து நாள்தான். அதுவரைக்கும் தேன் வை, அந்தக் கருப்புக்காக வை. அப்புறம் எதையும் தொடாதே. யாராவது கேட்டா, எறும்புக்கு இது உறக்க காலம்னு சொல்லு. கண்ணாடியைத் தட்டக் கூடாதுன்னும் சொல்லு."

"நம்புவாங்களாக்கா?"

"நின்னு பார்க்கறவங்களா இருந்தா நம்ப மாட்டாங்க."

காட்சிக்கூடத்துக்குத் திரும்பியதும் குழாயின் பஞ்சை எடுத்து நடுப்பெட்டிக்குள் சாய்த்தாள். கருப்பு எறும்புகள் ஓடிவந்து, தங்கள் பிள்ளைகளை முகர்ந்து பார்த்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போயின.

எட்டாம் நாள் அந்த நொண்டிக் கருப்பும் போய்விட்டதாக வரவேற்புப் பெண் போனில் சொன்னாள். பூச்சியக்கா அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு அவள் உறக்க காலத்தைப் பற்றி விளக்கினாள்; அவர்கள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தாண்டினார்கள். மூன்று மாதம் கழித்துக் கம்பெனிப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பெட்டியின் படம் வந்தது. அசையாமல் வரிசையாகக் கிடந்த சிவப்பு எறும்புகளுக்குக் கீழே, ஒழுக்கம் என்றால் என்ன என்பது பற்றிச் சேர்மன் அரைப் பக்கம் எழுதியிருந்தார். இயக்குநர் அதைச் சட்டம் போட்டு நடுப்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். பூச்சியக்கா ஆணி இல்லை என்று சொல்லிவிட்டாள்.